வீட்டுப் பக்கம் கிறுகுங்க ஐயா

“சிரிக்கிறதா, அழுறதா?” என்று கேட்டாள் தெய்வமணி.

யோகேஸ்வரன் கமராவின் பின்பக்கத் திரையை வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தபடி, “சும்மா நில்லுங்க அக்கா” என்றான்.

“சும்மா நிக்கிற படம் ஒரு என்.ஜி.ஓ.வுக்கும் சரிவராது தம்பி. போன மாசம் வந்த வெள்ளைக்கார மிஸ் அழச் சொன்னா. அதுக்கு முந்தி வந்தவங்க தண்ணித் தாங்கியைத் தொட்டுக்கொண்டு சிரிக்கச் சொன்னாங்க. உங்கட ஒபிஸ்ல எது?”

சுனாமி வந்து பதினொரு மாதமாகியிருந்தது. வாகரைக் கரையில் அந்தப் பதினொரு மாதமும் மீனைவிடப் படம்தான் அதிகம் பிடிபட்டது. தெய்வமணி இதுவரை ஏழு நிறுவனங்களுக்குப் படம் கொடுத்தவள். வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும், சேலைத் தலைப்பை எப்போது கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும், எவ்வளவு நேரம் கண் சிமிட்டாமல் நிற்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யோகேஸ்வரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அக்கா, முன்படம் ஒண்டு எடுக்கோணும். எங்க வச்சு எடுக்கலாம்?” என்று கேட்டதுதான் தாமதம், அவள் மறுபேச்சில்லாமல் அவனை இந்த உடைந்த சுவரடிக்குக் கூட்டிவந்து, கணவரையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சுவர். நடுவில் ஜன்னல் இருந்த ஓட்டை. ஓட்டைக்குள் வானம் தெரிந்தது.

முன்படம் என்பது அலுவலகத்துச் சொல். புது வீடு கட்டிக் கொடுக்கும் முன்பு, உடைந்த வீட்டோடு குடும்பத்தை நிறுத்தி எடுப்பது முன்படம். கட்டி முடிந்தபின் எடுப்பது பின்படம். முன்படம் இல்லாத பைல் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணியோடு வீட்டுப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். நாற்பது பைலில் முப்பத்தொன்பதுக்குப் படம் வந்துவிட்டது. மிஞ்சியது தெய்வமணியினதும் அவள் கணவர் வேலப்போடியினதும் பைல். படம் இல்லையென்றால் வீடு இல்லை. இன்னொரு மாரியையும் இருவரும் தறப்பாள் கூடாரத்துக்குள்ளேயே நனைந்து கழிக்க வேண்டியதுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஒரு படத்துக்கு நாலு நாள் தாராளம் என்றுதான் யோகேஸ்வரன் நினைத்தான். கமராவின் குணம் அவனுக்கு இன்னும் தெரியாது.

அலுவலகத்தின் பழைய கமரா செங்கல் கனம். ஆனால் அதில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாலும் படம் விழும். தலைமை அலுவலகம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ‘இனி எல்லாம் டிஜிட்டல்’ என்று இதை அனுப்பி வைத்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இதைச் செய்த புண்ணியவான் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குள் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்துக்கு வெள்ளி பூசி அழகு பார்த்திருந்தான். படமெடுக்கும் பொத்தானும் கமராவை அணைக்கும் பொத்தானும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன. படமெடுக்கும் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம். அது இந்தப் பக்கம் அசைந்தால் உருவம் கிட்ட வரும், அந்தப் பக்கம் அசைந்தால் தூரப் போகும். பின்பக்கத்தில் பெருவிரல் தானாகப் போய்ப் படியும் இடத்தில், உலகத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காததுபோல, படத்தை அழிக்கும் பொத்தான்.

யோகேஸ்வரனின் பெருவிரலும் லேசுப்பட்டதல்ல. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் நாலு தலைமுறையாக மண்வெட்டி பிடித்துக் கதிரறுத்த குடும்பம் அவனுடையது. படிப்பு அவனை வயலிலிருந்து வெளியே கொண்டுவந்ததே தவிர, அந்த விரலை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது ஓரிடத்தில் படிந்தால் மூன்று பொத்தான் கீழே போகும்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினான். கமரா ஒரு சின்னப் பாட்டுப் பாடிவிட்டு, மூக்கை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டது.

“எடுபட்டுட்டா தம்பி?”

“இல்ல அக்கா. நிண்டுட்டுது.”

“அப்ப இந்தச் சிரிப்பை வச்சிரிக்கவா, விடவா?”

“விடுங்க. மறுகா சொல்றன்.”

மறுபடி உயிர் கொடுத்தான். இந்தமுறை விரல் வளையத்தில் பட்டு, திரை முழுக்கத் தெய்வமணியின் மூக்குத்தி மட்டும் வந்து நின்றது. தூர அனுப்பினால் அவளும் சுவரும் எறும்பளவு ஆனார்கள். நடுவில் நிறுத்த ஒரு வழியுமில்லை. இரண்டடி பின்னால் போய் எடுக்கலாமென்று பார்த்தால், வேலப்போடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலப்போடி நெட்டையான மனிதர். வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. முகம் எப்போதும் கடற்பக்கம்.

“ஐயா, கடலைப் பாக்காதீங்க. வீட்டுப் பக்கம் கிறுகுங்க” என்றான் யோகேஸ்வரன்.

வேலப்போடி தலையை ஆட்டினார். பிறகு, அரைகுறையாகக் கடலைப் பார்த்து நின்றவர், சுவருக்கு முதுகைக் காட்டி முழுசாகவே கடற்பக்கம் கிறுகி நின்றார்.

“வீட்டுப் பக்கம் ஐயா! வீட்டுப் பக்கம்!”

அவர் இன்னொரு தரம் தலையாட்டி, இன்னும் நேராக நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பார்வை கடற்பக்கத்து மணலிலேயே இருந்தது.

“அவருக்குக் காது சொட்டு மந்தம் தம்பி. சுனாமிக்குப் பிறகு கதையும் இல்ல” என்று சொல்லி, தெய்வமணி அவரைத் தோளில் பிடித்துக் கதவைத் திருப்புவதுபோல் திருப்பி நிறுத்தினாள்.

அதற்குள் பக்கத்துக் கூடாரத்திலிருந்து புஸ்பம் ஈர உடுப்புப் பேசினோடு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். “இன்னும் முடியல்லையாகா? சுவரை விடுங்க. என்ட உடுப்பெல்லாம் ஊறிக் கிடக்கு.”

“சொட்டுப் பொறுகா புஸ்பம். தம்பி புதுசு” என்றாள் தெய்வமணி, கெஞ்சும் குரலில்.

யோகேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவள் வீட்டுச் சுவரில் உடுப்புக் காயப்போடுவது போதாதென்று அதிகாரம் வேறு! ஆனால் கமராவோடு மல்லுக்கட்டுபவனுக்குப் புஸ்பத்தோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. சுவரிலிருந்து கடற்பக்கமாக முப்பதடி தள்ளி, மணலுக்குள்ளிருந்து ஒரு சிமெந்துப் படிக்கல் தலை நீட்டியிருந்தது. பக்கத்தில் வேலப்போடியின் செருப்பு ஒரு சோடி, ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி கிடந்தது. யோகேஸ்வரன் அந்தப் படிக்கல்லில் போய்க் குந்தி, கமராவை மடியில் வைத்து ஒவ்வொரு பொத்தானாகப் படித்தான்.

“தம்பி, அதுல செருப்புக் காலை வைக்காதீங்க” என்று தெய்வமணி மெதுவாகச் சொன்னாள்.

‘வெறும் கல்லுக்கு இவ்வளவு மரியாதையா’ என்று நினைத்தாலும் அவன் காலை எடுத்துக்கொண்டான். பயனாளிகளின் மனம் நோகக்கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஐந்தாவது முயற்சியில் படம் விழுந்தது. சுவர், ஜன்னல் ஓட்டை, தெய்வமணியின் சிரிப்பு, வேலப்போடியின் ஒரு கன்னம். யோகேஸ்வரன் உலகத்தையே வென்றவன்போல மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பையைக் கிளறிய சிப்பாய் கமராவைக் கண்டு, உள்ளே என்ன படம் இருக்கிறதென்று காட்டச் சொன்னான். யோகேஸ்வரன் பெருமையோடு படம் காட்டும் பொத்தானை அமத்தினான். அதற்குப் பக்கத்து வீட்டில்தான் அழிக்கும் பொத்தான் குடியிருந்தது. ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று கமரா மரியாதையாகக் கேட்டது. ‘வேண்டாம்’ என்று சொல்ல யோகேஸ்வரன் அவசரமாக நீட்டிய விரல், ‘ஓம்’ என்று சொல்லிவிட்டது.

திரை வெறுமையானது. பிறகு சிப்பாய் யோகேஸ்வரனின் பெருவிரலைப் பார்த்து, விரல் பெரிசு என்று சிங்களத்தில் ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தான்.

மட்டக்களப்பு அலுவலகத்தில் கைறுன்னிஸா காத்திருந்தாள். நாற்பது வீட்டுக்கும் பொறுப்பான அதிகாரி அவள், ஏறாவூர்க்காரி. குரலை உயர்த்தாமலே ஆளை உருக்கிவிடுவாள்.

“என்ன யோகேஸ், படம்?”

“நாளைக்கு எடுத்துட்டு வாறன் மிஸ். இந்தக் கமரா விரலுக்குள்ள நிக்குதில்ல.”

அவள் கமராவை வாங்கி, மெல்லிய விரலால் இரண்டு தரம் தொட்டு, அவனையே ஒரு படம் எடுத்துக் காட்டினாள். “இதுல என்ன கஷ்டம்? லேசாத் தொட்டாக் காணும்தானே?”

அந்த ‘லேசா’ என்ற சொல் யோகேஸ்வரனுக்குச் சுருக்கென்று குத்தியது. அறைக்குப் போய் மூளையைக் கசக்கி இரண்டு வேலை செய்தான். அழிக்கும் பொத்தான்மேலும் அணைக்கும் பொத்தான்மேலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டினான். படமெடுக்கும் பொத்தான்மேல் பசை வைத்து ஒரு நெல்மணியை ஒட்டினான். இனி விரல் தடவிப் பார்த்தே பொத்தானைக் கண்டுபிடிக்கலாம். கமரா செய்தவனுக்குத் தோன்றாதது கொக்கட்டிச்சோலையானுக்குத் தோன்றிவிட்டதென்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

புதன்கிழமை காலை மோட்டார் சைக்கிள் குழிக்குள் விழுந்த ஒவ்வொரு தரமும், சட்டைப்பைக்குள் அந்த நெல்மணி பொத்தானை அமத்தியது. அணைக்கும் பொத்தானோ பிளாஸ்டருக்குக் கீழே. வாகரை வீதியில் குழிகளுக்குப் பஞ்சமில்லை. போய்ச் சேர்ந்து பார்த்தால், சட்டைப்பையின் உட்புறம் இருநூற்றுப் பதினாலு படமாக எடுபட்டிருந்தது. இனி ஒரு படத்துக்கும் இடமில்லை. பற்றரியும் தீர்ந்துவிட்டது.

தெருவோரக் கடையில் இரண்டு பென்ரோச் பற்றரி வாங்கிப் போட்டான். இனிப் படங்களை அழிக்க வேண்டும். அழிப்பதற்குப் பிளாஸ்டரை உரிக்க வேண்டும். பிளாஸ்டரின் பசை பொத்தானைப் பள்ளத்துக்குள் ஒட்டிப் பிடித்துக்கொண்டது.

“இந்தாங்க தம்பி” என்று தெய்வமணி சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் அன்றைக்கு வேறு சேலை உடுத்து, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு முகம் தயார்பண்ணி வைத்திருந்தாள்.

ஊசி நுனியால் யோகேஸ்வரன் குத்திய குத்தில் படம் அழிந்தது உண்மைதான். கூடவே கமராவின் பாஷையும் மாறிவிட்டது. திரையில் தமிழுமில்லை, இங்கிலீசுமில்லை. சீனமோ ஜப்பானோ, சின்னச் சின்ன வீடு கட்டிவிட்ட மாதிரி எழுத்துகள் வரிவரியாக நின்றன.

தெய்வமணி எட்டிப் பார்த்தாள். “எத்தனை வீடு இரிக்கு தம்பி இதுக்குள்ள! எங்களுக்கு ஒண்டு தந்தா என்னவாம்?”

யோகேஸ்வரன் சிரிக்கவில்லை. வேலப்போடியை வீட்டுப் பக்கம் கிறுகச் சொன்னான். அவர் கடற்பக்கம் கிறுகினார். தெய்வமணி அவரைத் திருப்பி நிறுத்தினாள். யோகேஸ்வரன் அமத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கமராவின் முன்பக்கம் சிவப்பு விளக்கொன்று மட்டும் மினுக்கு மினுக்கென்று மினுங்கியது. இதென்ன புது வியாதி என்று அவன் கமராவைத் தன் பக்கம் திருப்பிக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்துப் பளிச்சென்று வெளிச்சமடித்தது.

அப்படிப் பதின்மூன்று தரம். எங்கோ ஒரு வீட்டு எழுத்துக்குள், பத்து விநாடி பொறுத்து எடு என்ற கட்டளை ஒளிந்திருந்தது. அவன் ஒவ்வொரு தரமும் பத்தாவது விநாடியில் பொறுமை இழந்து திருப்பிப் பார்த்தான். கடைசியில் கடைப் பற்றரியும் செத்தது.

“புஸ்பம் அக்கா, உங்கட விரல் மெலிசுதானே? நாளைக்கு நீங்களே ஒருக்கா அமத்தித் தாறீங்களா?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

“நல்லா இரிக்கே! சுவரும் நான் விடோணும், படமும் நான் எடுக்கோணுமா?” என்று புஸ்பம் உடுப்பைச் சுவரில் அறைந்து போட்டாள்.

வியாழக்கிழமை மழை. சாதாரண மழையல்ல, வாவியை நிரப்பி ரோட்டுக்கு ஏற்றும் கார்த்திகை மழை. ரோட்டுக்குக் குறுக்கே இடுப்பளவு தண்ணீர் ஓடியதால் யோகேஸ்வரனால் போக முடியவில்லை. கமராவைக் கைறுன்னிஸாவின் மேசையில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் ஒரு நிமிடத்தில் பாஷையை மாற்றினாள். உள்ளே இருந்த பதின்மூன்று கண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்தாள்.

“நாளைக்கு நானும் வாறன். தலைமை ஒபிஸ்ல இருந்து புதுக் கட்டளை வந்திருக்கு” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. யோகேஸ்வரன் அவளுக்கு முந்திப் போய்ச் சேர்ந்தான். நெல்மணியையும் பிளாஸ்டரையும் சுரண்டியெடுத்துவிட்டு, விரலின் பக்கவாட்டால் லேசாகத் தொட விடியவே எழும்பிப் பழகி, எடுபட்ட படங்களை எல்லாம் அழித்தும் விட்டிருந்தான். ஒரே ஒரு படம். தன்னால் முடியும் என்று அவனுக்கு முழு நம்பிக்கை.

ஆனால் சுவர் இல்லை. மழை அதைப் படுக்கப் போட்டிருந்தது. ஜன்னல் ஓட்டை இருந்த இடத்தில் சேற்றுக் குவியல். அதன்மேல் நின்று புஸ்பம் தன் பாவாடையொன்றை இழுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

படம் போனது, வீடு போனது. தன் விரலொன்றின் பருமனால் இரண்டு பேர் இன்னொரு மாரிக்கும் தறப்பாளுக்குள் கிடக்கப் போகிறார்கள் என்று யோகேஸ்வரன் தன்னையே நொந்துகொண்டான்.

தெய்வமணி சுவரையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். “வேற சுவர் பாப்பமா தம்பி?”

பாவம், துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தான் யோகேஸ்வரன். “என்ட விரலாலதான் அக்கா எல்லாம். உங்கட வீடு என்ட விரலாலதான் போகுது.”

“சும்மா இரிங்க தம்பி. கடல் கொண்டுபோனதை விடவா உங்கட விரல் கொண்டுபோகும்?”

அவன் கமராவைக் கைக்கயிற்றில் தொங்கவிட்டபடி அந்தப் படிக்கல்லை நோக்கி நடந்தான். இன்றைக்கும் செருப்பு ஒரு சோடி அங்கே ஒழுங்காக இருந்தது. நடக்கும்போது தொங்கிய கமராவைப் பிடிக்கப் போன விரல் எங்கோ பட்டது. கமரா பளிச்சென்று தானாக ஒரு படம் எடுத்துக்கொண்டது. மூன்று நாளாகக் கெஞ்சியும் எடுக்காத சனியன், வேண்டாத நேரத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக எடுக்கிறது! அவனுக்கு அதைக் கடலுக்குள் வீசத் தோன்றியது.

வீசும் முன் ஜீப் வந்துவிட்டது. கைறுன்னிஸா பைலோடும் காணி வரைபடத்தோடும் இறங்கினாள்.

“யோகேஸ், நல்லாக் கேளுங்க. சில இடத்தில ஆள் ஒண்டு, வீடு வேற எண்டு படம் வந்திருக்காம். இனிப் படத்தில இருக்கிற இடமும் இந்த வரைபடத்தில இருக்கிற இடமும் ஒண்டா இருக்கோணும். மாறியிருந்தா அந்த பைலை அந்த இடத்திலேயே வெட்டிடோணும். நான் வந்ததே அதுக்குத்தான். படம் எடுத்துட்டீங்களா?”

“இல்ல மிஸ்... சுவர்... மழையில...”

“கமராவைத் தாங்க.”

அவன் கொடுத்தான். தெய்வமணியும் கிட்ட வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. முதன்முறையாக ஒன்றையும் தயார்பண்ணாமல் நின்றாள். கைறுன்னிஸா திரையைப் பார்த்தாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு படம்.

“இது என்ன யோகேஸ்? வெறும் மணல். ஒரு படிக்கல், ஒரு சோடி செருப்பு. மூலையில உங்கட பெருவிரல். வீடு எங்க?”

யோகேஸ்வரன் நிலத்தைப் பார்த்தான். புஸ்பம்கூடப் பாவாடையைப் பிழிவதை நிறுத்திவிட்டாள்.

வேலப்போடி மெதுவாக வந்தார். கைறுன்னிஸாவின் தோளுக்கு மேலால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்தச் சின்னத் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டிக் கமராவை வாங்கிக்கொண்டார். நாலு நாளில் அவர் குரலை யோகேஸ்வரன் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான்.

“இஞ்ச வந்து பாருகா தெய்வமணி, எட்டு என்.ஜி.ஓ. வந்ததுல இந்தத் தம்பி ஒருத்தர்தான்கா நம்மட வீட்டை எடுத்திரிக்கார்!”